பீருக்கு எதற்கு ஹீட்டர்?

நவம்பர் பிறந்துவிட்டால் போதும், பிரிட்டனில் வீட்டிலேயே பீர் தயாரிப்பவர்களுக்கு ஒரு பதற்றம் தொற்றிக்கொள்கிறது. வாளியில் ஊற்றி மூடிவைத்த மால்ட் சாறு குளிரில் விறைத்துப்போகுமோ, ஈஸ்ட் தூங்கிவிடுமோ, ஒருநாள் முழுக்கப் பட்ட பாடு வீணாகுமோ என்கிற பதற்றம். அதற்கான மருந்தும் கடையில் தயாராக இருக்கிறது. வாளியின் இடுப்பில் கட்ட ஹீட் பெல்ட், அடியில் வைக்கச் சூட்டுத் தட்டு, உள்ளே முக்கிவைக்க மீன்தொட்டி ஹீட்டர். அனுபவசாலிகளிடம் யோசனை கேட்டாலும் இதே பாட்டுத்தான்: இருபது டிகிரிக்குக் கீழே விடாதே, இருபத்தைந்து இருந்தால் இன்னும் நல்லது.

இந்த யோசனை தவறு என்று சொல்வதற்காகவே இதை எழுதுகிறேன். கொஞ்சம் மிகை, கொஞ்சம் குறை என்று சமாதானம் பேசுகிற வகைத் தவறும் அல்ல. பீர் நொதிப்பதற்கு ஆண்டில் கிடைக்கும் ஆகச் சிறந்த பருவத்தைக் காசு கொடுத்துக் கெடுத்துக்கொள்ளச் சொல்லும் யோசனை இது.

தமிழ்நாட்டில் இருந்து படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அங்கே உரிமம் இல்லாமல் வீட்டில் பீர் தயாரிப்பது குற்றம். பிரிட்டனில் சொந்த உபயோகத்துக்கு எவ்வளவு வேண்டுமானாலும் தயாரித்துக்கொள்ளலாம், விற்கத்தான் கூடாது. நான் பேசுவது அந்த ஊர் வாளிகளைப் பற்றி.

தவறான யோசனையானாலும் அதற்கு ஒரு பிறப்பு உண்டு. 1880-ல் பிரதமர் கிளாட்ஸ்டன் கொண்டுவந்த சட்டத்தின்படி பிரிட்டனில் வீட்டு பீருக்கும் உரிமம் வாங்க வேண்டியிருந்தது. 1963 பட்ஜெட்டில் நிதியமைச்சர் ரெஜினால்ட் மாட்லிங் அதை ஒழித்தார். அடுத்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் டப்பாவில் அடைத்த மால்ட் சாறும் மூடிக்குக் கீழே ஒட்டிய ஈஸ்ட் பொட்டலமுமாகப் பெட்டிகள் மருந்துக்கடை வரை வந்துவிட்டன. அந்தக் காலத்து வீடுகளை நினைத்துப் பாருங்கள். 1970-ல் மூன்றில் ஒரு வீட்டில்தான் மைய வெப்பமூட்டும் வசதி இருந்தது. குளிர்காலத்தில் வீட்டுக்குள் சராசரி வெப்பம் 12 டிகிரியை ஒட்டியே இருந்தது என்பது கணக்கு. கணப்பு எரியும் ஒரு அறையைத் தவிர மற்ற இடமெல்லாம் நடுக்கம். டப்பாவோடு வந்த ஈஸ்ட்டோ ஐந்தாறு கிராம். கடை அலமாரியில் எத்தனை மாதம் கிடந்ததோ, அதில் பாதி செத்திருக்கும். அந்த அரைகுறை ஈஸ்ட்டை உதைத்துக் கிளப்ப ஒரே வழி சூடு. அதனால் வெந்நீர்த் தொட்டி இருக்கும் துணி உலர்த்தும் அலமாரிக்குள் வாளியைத் தூக்கிவைக்கச் சொன்னார்கள். அன்றைக்கு அது சரியான யோசனை என்றே ஒப்புக்கொள்கிறேன்.

வீடு மாறிவிட்டது, ஈஸ்ட் மாறிவிட்டது, யோசனை மட்டும் மாறவில்லை. இன்றைய வீட்டுக் கூடத்தில் ஜனவரியிலும் 18, 19 டிகிரி சாதாரணம். ஈஸ்ட் காற்றுப்புகாத உறையில், குளிர்பதனத்தில் வைத்து விற்கப்படுகிறது. பெட்டிக்குள் இருக்கும் அச்சடித்த தாள் இன்னமும் 1970-இல் வாழ்கிறது. பெட்டி விற்பவருக்கு அதை மாற்றவும் மனமில்லை. சூட்டில் வைத்தால் ஐந்தாறு நாளில் பொங்கி அடங்கிவிடும், புதியவர் பயந்து பணத்தைத் திருப்பிக் கேட்க மாட்டார், அடுத்த பெட்டிக்கும் சீக்கிரம் வருவார். பீர் எப்படி ருசிக்கிறது என்பது அவர் கவலையில்லை.

லண்டனிலும் டொராண்டோவிலும் இருக்கும் நம்மவர்களிடம் இந்த யோசனை இன்னும் சுலபமாகச் செல்லுபடியாகும். காரணம் தோசை மாவு. குளிர்காலத்தில் மாவு பொங்காது, அடுப்பின் ஓவனுக்குள் விளக்கைப் போட்டு வைத்தால்தான் பொங்கும் என்பது ஒவ்வொரு வீட்டிலும் பழகிய பாடம். ஆனால் மாவைப் பொங்கவைப்பதில் பெரும்பங்கு லாக்டிக் அமிலப் பாக்டீரியாக்களுக்கு. அவை முப்பது டிகிரியைக் கொண்டாடுகின்றன. மாவுக்குப் புளிப்பு வேண்டும், பீருக்குப் புளிப்பு வந்தால் கீழே கொட்ட வேண்டியதுதான். மாவு பொங்கினால் போதும். பீருக்குப் பொங்கினால் மட்டும் போதாது. எப்படிப் பொங்கியது என்பதில்தான் ருசியே இருக்கிறது.

இனி கணக்குக்கு வருவோம். ஹீட்டர் கட்சிக்காரர்கள் மறந்துபோகும் ஒரு சங்கதி உண்டு. ஈஸ்ட் தானே ஒரு அடுப்பு. சர்க்கரையை ஆல்கஹாலாகவும் கரியமில வாயுவாகவும் உடைக்கும்போது அது வெப்பத்தை வெளிவிடுகிறது. நொதிக்கும் ஒவ்வொரு கிலோ சர்க்கரைக்கும் ஏறத்தாழ 590 கிலோஜூல். இருபது லிட்டர் பீர், தொடக்க அடர்த்தி 1.045, முடிவு 1.010 என்று வைத்துக்கொள்ளுங்கள். வீட்டு பீருக்கு இது நடுத்தரம். இதில் ஒன்றரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவான சர்க்கரை நொதிக்கும். வெளிவரும் வெப்பம் சுமார் 850 கிலோஜூல். இருபது லிட்டரை ஒரு டிகிரி உயர்த்தச் சுமார் 84 கிலோஜூல் போதும். ஆக, ஒரு துளி வெப்பமும் வெளியே போகாமல் பூட்டிவைத்தால் அந்த வாளி தன் சொந்த உழைப்பிலேயே பத்து டிகிரி ஏறிவிடும். (ஜூல் என்ற அலகுக்குப் பெயர் தந்த ஜேம்ஸ் பிரெஸ்காட் ஜூல், சால்ஃபோர்டில் பீர் ஆலை நடத்திய குடும்பத்துப் பிள்ளை. வெப்பத்தை அளக்க அவருக்குப் பக்கத்திலேயே பள்ளிக்கூடம் இருந்திருக்கிறது.)

வெப்பம் பூட்டியிருக்காது, சுவர் வழியே கசியும். அப்படியும் நொதித்தல் உச்சத்தில் இருக்கும் இரண்டு நாளில் வாளி அறையைவிட இரண்டு முதல் நான்கு டிகிரி சூடாக இருப்பது வழக்கம். அறை 17 என்றால் வாளிக்குள் 20. அறை 21 என்றால் உள்ளே 24, 25. சுவரில் தொங்கும் தெர்மாமீட்டரைப் பார்த்துவிட்டு "ஐயோ, பதினேழுதான்" என்று பதறுகிறவர் பார்க்க வேண்டிய இடத்தைப் பார்க்கவில்லை. வாளியின் மேல் ஒட்டும் பட்டைத் தெர்மாமீட்டர் இரண்டு மூன்று பவுண்டுக்குக் கிடைக்கிறது. ஹீட் பெல்ட் வாங்கும் பலர் அதை வாங்குவதில்லை என்பதுதான் வேடிக்கை.

இப்போது அந்த பெல்ட்டையும் அதே தராசில் வைப்போம். சாதாரண பெல்ட் 25 வாட். மலிவானவற்றில் தெர்மோஸ்டாட் கிடையாது. சுவிட்சைப் போட்டால் இரவும் பகலும் எரியும். ஒரு நாளைக்கு அது கக்கும் வெப்பம் 2,160 கிலோஜூல். நொதித்தல் முழுவதிலும் ஈஸ்ட் வெளிவிடும் வெப்பத்தைப்போல இரண்டரை மடங்கை ஒரே நாளில் சேர்க்கிறீர்கள். அதுவும் எப்போது? ஈஸ்ட் தானே கொதித்துக்கொண்டிருக்கும் அதே முதல் மூன்று நாளில். ஐந்தாம் நாள் ஈஸ்ட் அடங்கி, நியாயமாகக் கொஞ்சம் சூடு கொடுக்கலாம் என்கிற கட்டத்தில், "பொங்கி முடிந்துவிட்டது" என்று பெல்ட்டைக் கழற்றிவிடுகிறார்கள். தலைகீழ் வைத்தியம்.

அந்த முதல் மூன்று நாள் ஏன் முக்கியம்? ஈஸ்ட் பெருகுவது அப்போதுதான். பெருகும்போது அமினோ அமிலங்களைப் பிரித்துக் கட்டும் வேலையில் உபரியாகப் பிறப்பவை ஃப்யூசல் ஆல்கஹால்கள். சூடு கூடக் கூட அவையும் கூடும், நாக்கில் எரியும், தொண்டையில் உரசும். கூடவே எஸ்டர்கள். ஐசோஅமைல் அசிட்டேட் அளவோடு இருந்தால் பழ வாசனை, மிஞ்சினால் வாழைப்பழ எசென்ஸ். எத்தில் அசிட்டேட் மிஞ்சினால் நகப்பூச்சு அழிக்கும் திரவத்தின் நெடி. வீட்டு பீர் என்றாலே ஒரு மாதிரி வாடை அடிக்கும் என்று பிரிட்டனில் அரை நூற்றாண்டாகக் கேலி உண்டு. பழைய மால்ட் சாற்றுக்கும் அதில் பங்கிருக்கிறது. மீதிப் பங்கை துணி உலர்த்தும் அலமாரியின் பேரிலும் ஹீட் பெல்ட்டின் பேரிலும் எழுதத் தயங்க மாட்டேன். எஸ்டரும் ஃப்யூசலும் ஒருமுறை சேர்ந்துவிட்டால் வீட்டில் அவற்றை நீக்க வழியில்லை. குளிரால் தாமதமாகும் பீரை நாலு நாள் காத்திருந்து காப்பாற்றிவிடலாம். சூட்டில் கெட்ட பீரைக் காப்பாற்ற முடியாது.

பெல்ட் கட்டச் சொல்பவர்கள் பீரின் வரலாற்றை ஒருமுறை புரட்டியிருந்தால் வாயைத் திறந்திருக்க மாட்டார்கள். 1553-ல் பவேரியாவின் கோமகன் ஐந்தாம் ஆல்பிரெக்ட் போட்ட உத்தரவு, செப்டம்பர் 29 முதல் ஏப்ரல் 23 வரைதான் பீர் தயாரிக்கலாம் என்றது. கோடையில் தயாரித்தது கெட்டுப்போனது, குளிரில் தயாரித்தது நின்றது. ஈஸ்ட் ஒரு உயிர் என்பதே அன்று யாருக்கும் தெரியாது, ஆனால் நாக்குக்குத் தெரிந்திருந்தது. அந்தத் தடை 1850 வரை நீடித்தது. கோடைக்கான பீரை மார்ச்சிலேயே தயாரித்து நிலவறையில் வைத்தார்கள், மெர்ட்சன் என்ற வகை அப்படி வந்ததுதான். இங்கிலாந்துப் பண்ணை வீடுகளிலும் அக்டோபர் பீருக்குத்தான் மதிப்பு. கோடையில் அடுப்பை அணைத்துவைத்த ஆலைகள் ஏராளம்.

அந்தப் பவேரியக் குளிரில் வேலை செய்தது எந்த ஈஸ்ட்? லாகர் ஈஸ்ட், சாக்கரோமைசிஸ் பாஸ்டோரியானஸ். ஏல் என்ற, அறைச் சூட்டில் நொதிக்கும் பீர் வகையின் சாதாரண ஈஸ்ட்டும் குளிரைத் தாங்கும் இன்னொரு ஈஸ்ட்டும் கலந்து பிறந்த கலப்பினம் அது. இரண்டாவது பெற்றோர் யாரென்பது நெடுநாள் புதிராக இருந்தது. 2011-ல் தென்னமெரிக்காவின் பட்டகோனியாக் காடுகளில், தெற்கத்திப் பீச் மரங்களில், சாக்கரோமைசிஸ் யூபயானஸ் என்ற ஈஸ்ட்டைக் கண்டுபிடித்ததாக ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். உலகில் இன்று குடிக்கப்படும் பீரில் பெரும்பகுதி இந்தக் குளிர்த் தாயின் பிள்ளைகள் செய்து தருவது. ஒன்பது, பத்து, பன்னிரண்டு டிகிரியில்.

பணம் போட்டவர்கள் எந்தப் பக்கம் போட்டார்கள் என்று பார்த்தாலும் விஷயம் விளங்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆங்கில ஆலைகள் நொதிக்கும் தொட்டிகளுக்குள் செப்புக் குழாய்ச் சுருளை இறக்கிக் குளிர்ந்த நீரை ஓடவிட்டன. 1870-களில் கார்ல் ஃபான் லிண்டே தன் குளிரூட்டும் எந்திரத்தைச் சோதித்தது மியூனிக்கின் ஷ்பாட்டன் பீர் ஆலையில், அதன் முதலாளி காப்ரியேல் செடில்மயரின் ஆதரவில். இன்று நம் சமையலறையில் நிற்கும் ஃபிரிட்ஜின் முன்னோர்களில் ஒருவர் பீரைக் குளிர்விக்கப் பிறந்தவர். இத்தனை தலைமுறை ஆலைக்காரர்கள் குளிருக்காகச் சொத்தை அழித்திருக்கிறார்கள். அந்தக் குளிர் சும்மா வீட்டுக் கதவைத் தட்டும்போது நாம் பெல்ட் வாங்க ஓடுகிறோம்.

எதிர்த்தரப்பின் வலுவான வாதத்தை மறைக்கப் போவதில்லை. அது நார்வேயில் இருக்கிறது. மேற்கு நார்வேயின் வோஸ் பகுதிப் பண்ணைகளில் க்வைக் என்ற குடும்ப ஈஸ்ட்டைத் தலைமுறை தலைமுறையாக உலர்த்திப் பாதுகாத்து வந்தார்கள். அதை இடும்போது சாறு உடல் சூட்டை ஒட்டி, 35 முதல் 40 டிகிரி வரை இருக்கும். அந்தச் சூடு இறங்காமல் தொட்டியைப் போர்த்தி மூடுவார்கள். லார்ஸ் மாரியஸ் கார்ஷோல் இந்த மரபை ஊர் ஊராகச் சென்று பதிவு செய்தபிறகு உலகமெங்கும் வீட்டு பீர்க்காரர்கள் க்வைக்கைத் தேடி வாங்குகிறார்கள். பீர் சுத்தமாக வருகிறது, இரண்டு மூன்று நாளில் முடிகிறது, நெடி இல்லை. அப்படியானால் சூடு கெடுதல் என்பது பொய்தானே என்று கேட்கிறார்கள்.

பொய் இல்லை. அந்தப் பண்ணைகளில் நூற்றாண்டுகளாக அந்தச் சூட்டில் பிழைத்து, ருசியான பீர் தந்த ஈஸ்ட் மட்டுமே அடுத்த முறைக்கு எடுத்துவைக்கப்பட்டது. மற்றவை கழிந்துபோயின. 38 டிகிரியில் க்வைக் செய்யும் வேலையை ஆங்கில ஏல் ஈஸ்ட்டிடம் கேட்டால் அது உங்களுக்குப் பெயின்ட் தின்னரைத் தரும். பெல்ஜியத்தின் டூர்ப் ஊரில் உள்ள டியூபோன் ஆலையின் சேசோன் வகை பீர் ஈஸ்ட்டும் முப்பதைத் தாண்டினால்தான் முழுமூச்சாக வேலை செய்யும். இந்த இரண்டு இனத்தையும் குளிர்காலத்தில் எடுத்துக்கொண்டால் ஹீட்டர் நியாயம், மறுக்கவில்லை. ஆனால் இந்த உதாரணங்கள் எதை நிரூபிக்கின்றன? இடத்துக்கும் பருவத்துக்கும் ஏற்ற ஈஸ்ட்டை வைத்துக்கொள் என்பதை. நான் சொல்வதும் அதையேதான்.

குளிரில் நொதித்தல் பாதியில் நின்றுவிடும் என்பது அடுத்த மிரட்டல். நிற்கத்தான் செய்கிறது. ஆனால் குற்றவாளி பெரும்பாலும் வேறு. ஈஸ்ட் போதவில்லை, சாற்றில் பிராணவாயு கலக்கவில்லை, அல்லது இரவில் வெப்பம் சட்டென்று விழுந்தது. ஏல் வகைக்கு ஒரு மில்லிலிட்டருக்கு, சாற்றின் சர்க்கரை அடர்த்தியைக் குறிக்கும் ஒவ்வொரு பிளேட்டோ டிகிரிக்கும், முக்கால் மில்லியன் உயிரணு என்றும், லாகருக்கு அதைப்போல இருமடங்கு என்றும் தொழிலில் ஒரு பொதுக் கணக்கு உண்டு. குளிரில் வேலை வாங்க வேண்டுமானால் ஆளைக் கூட்ட வேண்டும், அவ்வளவுதான். 17 டிகிரிக்கு 11 கிராம் பொட்டலம் ஒன்று போதும். 12 டிகிரி லாகர் என்றால் இரண்டு. சாற்றில் ஈஸ்ட்டை இடும் முன் வாளியை நன்றாகக் குலுக்கி நுரைக்கவிடுங்கள். இதற்கு மின்சாரம் வேண்டாம்.

மெதுவாகத் தொடங்கினால் பாக்டீரியா முந்திக்கொள்ளும் என்றும் சொல்வார்கள். பாதி உண்மை. ஆனால் அந்தக் குளிரில் பாக்டீரியாவும்தான் மெதுவாக நகரும். போதுமான ஈஸ்ட்டைச் சுத்தமான வாளியில் இட்டவர் இதற்காகத் தூக்கம் கெட வேண்டியதில்லை. ஒரு நாளாகியும் காற்றுப்பூட்டில் குமிழி வரவில்லையே என்று கேட்பவர்களுக்கு, அந்த வாளி மூடிகள் நன்றாகவே கசியும், குமிழி எதற்கும் சாட்சியாகாது. அடர்த்தி அளக்கும் ஹைட்ரோமீட்டரை இறக்கிப் பாருங்கள். நாளாகிறதே என்ற புகாருக்குப் பதில் சொல்ல எனக்கு எதுவும் இல்லை. ஆம், ஒரு வாரம் இரண்டு மூன்று வாரமாகும். அவசரமென்றால் கடையில் பீர் கிடைக்கிறது.

ஆகவே செய்ய வேண்டியது இது. முதலில் வீட்டில் எந்த மூலை எத்தனை டிகிரியில் நிற்கிறது என்று ஒரு வாரம் அளந்து பாருங்கள். கூடம் 18, 19 என்றால் எந்த ஆங்கில ஏல் ஈஸ்ட்டும் அங்கே மகிழ்ச்சியாக இருக்கும். மாடிப்படிக்குக் கீழே 15 என்றால் நாட்டிங்ஹாம் ஈஸ்ட் இருக்கிறது, பத்து டிகிரி வரை சலிக்காமல் உழைக்கும். கொலோன் நகரத்துக் கோல்ஷ், டுசல்டார்ஃபின் ஆல்ட் இரண்டும் ஏல் ஈஸ்ட்டைக் குளிர்ந்த இடத்தில் நொதிக்கவைத்துச் செய்பவை, அவற்றுக்கான ஈஸ்ட்டுகள் 14 முதல் 17 வரை அருமையாக வரும். பூட்டிக்கிடக்கும் பின்னறை 11, 12 என்றால் பிறகென்ன, ஜூலையில் ஃபிரிட்ஜ் இல்லாமல் நினைத்தும் பார்க்க முடியாத லாகரைச் செலவில்லாமல் செய்யலாம். W-34/70 என்ற ஜெர்மன் ஈஸ்ட் உலர்ந்த பொட்டலத்திலேயே கிடைக்கிறது.

ஈஸ்ட்டுக்குப் பிடிக்காதது ஏற்ற இறக்கம், அதிலும் இறக்கம். இரவு பதினொன்றுக்கு வெப்பமூட்டியை அணைத்தால் விடியும்போது அறை ஐந்தாறு டிகிரி விழுந்திருக்கும். வாளியை ஒரு பெரிய தொட்டியில் வைத்துச் சுற்றிலும் முப்பது நாற்பது லிட்டர் தண்ணீரை ஊற்றுங்கள். அத்தனை நீரும் குளிர்வதற்குள் பொழுது விடிந்துவிடும். வெளிச்சுவரை ஒட்டி வைக்காதீர்கள், கல் தரையில் வைக்காதீர்கள், ஒரு பலகையைப் போடுங்கள். நொதித்தலின் உச்சம் தாண்டியபின் பழைய ரஜாயைச் சுற்றலாம், அதற்கு முன் வேண்டாம்.

சூடு தேவைப்படும் கட்டம் ஒன்று உண்டென்று முன்பே சொன்னேன். சர்க்கரையில் முக்கால் பங்கு நொதித்தபின் வாளியை இரண்டு மூன்று டிகிரி கூடுதலான இடத்துக்கு நகர்த்துங்கள். வெண்ணெய் வாசனை தரும் டைஅசிட்டைலை ஈஸ்ட் தானே தின்று தீர்க்க அது உதவும். பின்னறையிலிருந்து கூடத்துக்குத் தூக்கிவைப்பதுதான் மொத்த வேலையும். அடுத்து இரண்டு நாள் இடைவெளியில் ஹைட்ரோமீட்டர் ஒரே எண்ணைக் காட்டும்வரை பாட்டிலில் அடைக்காதீர்கள். இது ருசி விஷயம் அல்ல, கண்ணாடி வெடிக்கும் விஷயம்.

பாட்டிலில் இடும் சர்க்கரைக்கும் இங்கே ஒரு கணக்கு இருக்கிறது. குளிர்ந்த பீர் வாயுவைக் கூடுதலாகப் பிடித்துவைக்கும். 20 டிகிரியில் நொதித்து முடிந்த பீரில் தன் கன அளவில் 0.86 பங்கு கரியமில வாயு மிச்சமிருக்கும், 10 டிகிரியில் 1.2 பங்கு. கடைசி வரை குளிரிலேயே வைத்திருந்தவர் இருபது லிட்டருக்கு 25 கிராம் சர்க்கரையைக் குறைத்துக்கொள்ள வேண்டும். வாளியைக் கடைசியில் கூடத்துக்கு மாற்றியிருந்தால் அந்தக் கூடத்தின் வெப்பத்தையே கணக்கில் எடுங்கள். அடைத்த பாட்டில்கள் மட்டும் இரண்டு வாரம் 18, 20 டிகிரியில் இருக்கட்டும்.

வாளி வைக்க கராஜைத் தவிர வேறு இடமே இல்லை, அங்கே ஜனவரியில் நாலு டிகிரி என்பவர்கள் ஹீட்டர் வைத்துக்கொள்ளுங்கள். அப்போதும் தெர்மோஸ்டாட்டுடன், அதன் உணர்முனையை வாளியின் உடம்போடு ஒட்டி, மேலே ஒரு துணியால் மூடி. சும்மா எரியும் பெல்ட் வேண்டவே வேண்டாம். மற்றவர்கள் அந்தப் பணத்துக்கு ஒரு பட்டைத் தெர்மாமீட்டரும் கூடுதலாக ஒரு பொட்டலம் நல்ல ஈஸ்ட்டும் வாங்குங்கள். ஹீட் பெல்ட் ஏற்கெனவே வீட்டில் இருந்தால், தோசை மாவுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.